ஆட்டம் எங்கே? – ஜி.டி. நாயுடுவும் எங்க மாமாவின் அம்பாசடரும்



நம்ம சங்கத்தின் ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது, யோசிக்காமல் நான் சொன்ன பெயர் ஜி.டி. நாயுடு. பக்தியினால் அல்ல. ஒரு வருஷமாக எங்க வீட்டில் என் படிப்புக்கு எதிராக அடிக்கடி இழுக்கப்பட்ட பெயர் அது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டுத்தறி நெய்கிறார், தாத்தாவும் அதேதான். குடும்பத்திலேயே பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இரண்டாம் ஆண்டில் எனக்கு இரண்டு பேப்பர் அரியர் விழுந்தது. அம்மாவின் தம்பி, டாக்சி ஓட்டுகிற மாமா, அன்று ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தார். கோயம்புத்தூர் நாயுடு என்ன டிப்ளமாவா படிச்சாரு, பள்ளிக்கூடமே பிடிக்காத மனுஷன் பஸ் கம்பெனி வச்சாரு, ரேசர் செஞ்சாரு, இவனை ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டால் மாசம் நாலு காசாவது வரும் என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அவர் மறுத்திருந்தால் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருந்ததுதான் பயமாகப் போயிற்று.

மறுநாளே லைப்ரரியில் நாயுடுவைப் பற்றிய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். என்னை ஜெயித்துக்கொண்டிருக்கிற எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா!

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. வாத்தியார் மேல் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடியவர் என்று அவரைப் பற்றி ஒரு கதையும் உண்டு. மாமா சொன்னது இதுவரைக்கும் சரி. ஆனால் மாமா விட்டுவிட்ட பாதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர, படிப்பதை அவர் விடவில்லை. தோட்டத்தில் இருந்துகொண்டே கிடைத்த புத்தகங்களைத் தானாகப் படித்தார்.

இளைஞனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது! அந்த ஆச்சரியம் அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே மாதிரி வண்டியை வாங்கினார். நாமாக இருந்தால் ஒரு மாசம் ஊரைச் சுற்றியிருப்போம். அவர் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டிப் போட்டு, மறுபடி மாட்டினார். அவருடைய முதல் லேப் அதுதான்.

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, பம்பாய் வரை போய், கைப்பணத்தை இழந்து திரும்பினார். அரியர் விழுந்த நான் இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

கோவையின் பெரிய தொழிலதிபரான ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். ஓட்டினார் என்றால் முதலாளியாக நாற்காலியில் உட்கார்ந்து அல்ல, டிரைவர் சீட்டில் அவரே உட்கார்ந்து. அந்தக் காலத்து ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் கிடையாது. ரோடு மண்ணும் சரளையும். எதிரே மாட்டு வண்டி. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் சக்கரம் வழியாக ஏறி டிரைவரின் உள்ளங்கைக்கு வரும். வழியில் நின்றால் டிரைவரேதான் மெக்கானிக்.

ஸ்டியரிங் என்பதே லேசில் வந்த சமாசாரம் இல்லை. நம்ம ஊர்த் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, வீதி முனையில் முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புகிறார்கள். கார்ல் பென்ஸ் 1886-ல் பேடண்ட் எடுத்த காருக்கும் மூன்றே சக்கரம்தான். முன்னால் இரண்டு சக்கரம் வைத்தால் சரியாகத் திருப்புகிற வழி அவருக்கு அப்போது அகப்படவில்லை. 1893-ல்தான் அதற்கான பேடண்ட் எடுத்தார். நாயுடு பிறந்ததும் அதே வருஷம் என்பதைக் கவனித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

அந்த ஒற்றை பஸ் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது. சில வருஷங்களில் பெரிய பஸ் கம்பெனி. நேரம் தவறாத பஸ் என்று பெயர் வாங்கியது. இஞ்சின் அதிர்வைச் சோதித்துப் பார்க்க ஒரு கருவியும் நாயுடு செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வண்டி நின்றபிறகு ரிப்பேர் பார்ப்பது ஒன்று, நிற்பதற்கு முன்னால் நோயைக் கண்டுபிடிப்பது வேறொன்று. இந்த இரண்டாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு வேலையும் வந்தது.

மாமாவின் டீசல் அம்பாசடர் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. வண்டி இடது பக்கம் இழுத்தது. வீலை நாலு விரல் திருப்பினபிறகுதான் சக்கரம் அசைந்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். கழட்டிக்கூடப் பார்க்காமல், ஸ்டியரிங் ரேக் அசெம்பிளி முழுசாக மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். 2014-லேயே அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது, ஸ்பேர் தேடுவதும் தனிப் பாடு. மாமா வட்டிக்கு வாங்கக் கிளம்பினார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள் மாமா என்று கேட்டேன். ஆணி அடிக்கத் தெரியாதவன் என்கிற மாதிரி பார்த்தார், ஆனால் சாவியைக் கொடுத்தார்.

முதலில் காற்று. இடது முன் டயரில் குறைவு. இழுப்புக்குப் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்தது. பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், லேசான ஆட்டம். கிங் பின் போச்சு என்றுதான் முடிவு கட்டினேன். ஆனால் தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டியபோது ஆட்டம் நின்றுவிட்டது. கிங் பின்னாக இருந்தால் பிரேக் மிதித்தாலும் ஆட்டம் இருக்கும். ஆக அது வீல் பேரிங், அட்ஜஸ்ட் பண்ணினால் போதும். என் அவசர முடிவு தப்பு.

அடுத்து, சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினேன். டக் டக் என்று சத்தம். தம்பி ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, நான் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துக்கொண்டே வந்தேன். அப்பா பாவில் இழை அறுந்த இடத்தை விரலாலேயே தடவிக் கண்டுபிடிப்பார், அந்த மாதிரி. ரேக் அசையவில்லை, நன்றாகவே இருந்தது. இடது டை ராட் எண்டில் மட்டும் என் விரலுக்குத் துள்ளல் கிடைத்தது. ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே மண்.

சில நூறு ரூபாயில் புது எண்ட் வாங்கினோம். பழையதைக் கழட்டும்போது எத்தனை சுற்று என்று எண்ணிவைத்துப் புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினேன். அப்படிச் செய்தாலும் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும், பார்த்தோம். நடுக்கம் போனது. இந்த வரிசை எனக்கு எங்கிருந்து வந்தது? நம்ம சேஸிஸ் பாடத்தில் இருந்துதான். அதுவும் நான் அரியர் வைத்திருந்த பேப்பர்! நாயுடுவுக்கு இதைச் சொல்லித்தர யாரும் இல்லை. தன் வருஷங்களையும் பணத்தையும் கொடுத்து அவர் கற்றுக்கொண்டார்.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். ரசாந்த் என்ற மின்சார ரேசர், மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மலிவு விலை ரேடியோ என்று பட்டியல் நீளம். பருத்தி, பப்பாளியில்கூட ஆராய்ச்சி. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் சின்னக் காரை 2000 ரூபாய்க்குத் தர முன்வந்தார். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. அந்தக் காரின் ஸ்டியரிங்கைக் கழட்டிப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

மாமாவுக்கு நான் சொன்ன பதில் 1945-ல் இருக்கிறது. பள்ளிக்கூடம் பிடிக்காத அந்த மனுஷன் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் வரக் காரணமாக இருந்தார், முதல்வராகவும் இருந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. படிப்பே வேண்டாம் என்கிறவர் எதற்குக் கல்லூரி கட்ட வேண்டும்? பாடத்துக்கு நாலு வருஷம் வேண்டாம், இரண்டு போதும் என்பது அவர் வாதம். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகினார். இரண்டு வருஷத்தில் என்னால் தெர்மல் பேப்பர் தாண்ட முடியாது என்பதால் அதில் நான் அவர் பக்கம் இல்லை. ஆனால் ஒர்க்ஷாப் நேரம் இன்னும் கூட வேண்டும் என்று யாராவது கையெழுத்து வாங்கினால், முதல் கையெழுத்து என்னுடையது.

1974 ஜனவரி 4-ஆம் தேதி, எண்பது வயதில் நாயுடு காலமானார். 2015-ல் கோவையில் திறந்த ஜிடி கார் மியூசியத்தில் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த வருஷ இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு அதைக் கேட்டு வாங்குவோம் நண்பர்களே.

மாமா அடுத்த வாரமே திருப்பதி டிரிப் போய் வந்தார். நாயுடு பேச்சை அதற்குப்பிறகு எடுக்கவில்லை. அப்பா தறியில் இருந்தபடியே அந்தப் பழைய டை ராட் எண்டைக் கேட்டு வாங்கி, ரெண்டு விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்டார்.