நாவலரும் மேடைத் தமிழும்

தமிழ் மேடைப் பேச்சின் வரலாற்றை எழுதப் புகுவோர், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலையும் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளையும் கடந்து செல்ல இயலாது. அந்த வெள்ளிக்கிழமை, ஆறுமுகம் என்னும் இருபத்தைந்து வயதுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பிற்காலத்தில் ஆறுமுக நாவலர் எனப் போற்றப்பட்டவர் அவரே.

1822 டிசம்பர் 18இல் நல்லூரில் பிறந்த ஆறுமுகம், சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் பயின்றார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியரும் ஆனார். அப்பாடசாலையை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்திற்கும் துணைநின்றார். பாதிரிமார் மக்கள்முன் நின்று பேசிய முறையை அருகிருந்து கவனிக்கும் வாய்ப்பு இவ்வாறு அவருக்குக் கிட்டியது.

சைவர்களிடமும் கேள்வி மரபு இருந்தது. புராண படனத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். அங்கே பேச்சின் போக்கை வகுப்பது செய்யுளே. பாதிரிமார் பிரசங்கத்திலோ பேசுபவர் தாம் உணர்த்த விரும்பும் பொருளை முதலில் தெரிந்துகொள்வார். காரணங்களும் மேற்கோள்களும் அப்பொருளுக்கு ஏவல் செய்யும். இந்த அமைப்பையே ஆறுமுகம் சைவ மேடைக்குக் கொணர்ந்தார். எதிர்த்து நின்றவர்களின் கருவியையே கைக்கொண்ட துணிவு அது.

வெள்ளிக்கிழமைதோறும் நடைபெற்ற அப்பிரசங்கங்களில் நண்பர் கார்த்திகேய ஐயரும் பங்குகொண்டார். கொல்லாமை, கள்ளுண்ணாமை, பிறன்மனை நயவாமை, தானம், பசுக்காப்பு, சிவலிங்க வழிபாடு, சிவதீட்சை, கடவுள் ஒருவரே என்னும் கொள்கை ஆகியவை பேசுபொருள்களாயின. ஒழுக்கமும் வழிபாடும் தத்துவமும் கலந்த இவ்வரிசை, கேட்போரின் அன்றாட வாழ்வை நன்கறிந்து வகுக்கப்பட்டது எனலாம். வீட்டிலும் தெருவிலும் எழும் வினாக்களுக்கு விடைதேடி வருவோர்க்குப் புலமை விளையாட்டுப் பயன்படாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1848இல் பாடசாலைப் பணியைத் துறந்து, சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய சொல்வன்மையை வியந்து நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். பாலபாடம், சைவ வினாவிடை, பெரியபுராண வசனம் முதலியன பின்னர் அவர் கையால் உருப்பெற்றன. கடின சந்திகளைப் பிரித்து, நிறுத்தக் குறிகளை இட்டு அவர் அமைத்த வசனம், உரக்கப் படித்தால் செவிக்கு உடனே விளங்குவது. மேடையில் பழகிய நாவின் ஒழுங்கை அந்த அச்சுப் பக்கங்களிலும் காணலாம்.

இப்பெருமையோடு சேர்த்தே எண்ணத்தக்க குறை ஒன்றும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு அக்காலக் கோயில்கள் திறந்திருக்கவில்லை. நாவலர் அவ்வழக்கத்தை மாற்ற முனையவில்லை. சாதி ஒழுங்கை ஏற்றே பேசினார், எழுதினார். எளியோர்க்கும் விளங்குமாறு அவர் செப்பம் செய்த தமிழ், அவ்வூர் எளியோருள் மிக எளியோர் நுழைய முடியாத இடத்திலேயே ஒலித்தது. அவர் வரலாற்றைப் போற்றுவோர் இதனை மறைத்தல் தகாது.

இறுதிக் காலத்தில் அவர் குரல் கோயிலுக்கு வெளியேயும் கேட்டது. யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். 1879இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்லவேண்டும் என ஆதரவு திரட்டினார். அவ்வாண்டு ஆடி மாதம், சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையன்று அவர் நிகழ்த்திய பிரசங்கமே கடைசிப் பிரசங்கமாயிற்று. டிசம்பர் 5இல் மறைந்தார்.

இன்று இலக்கிய மேடை ஏறுவோர் பலர் செய்யுள்களை முதலில் திரட்டிக்கொண்டு, அவற்றுக்கேற்ற பொருளைப் பின்னர்த் தேடுகின்றனர். பொருளை முதலில் துணிந்து, கேட்போரை மனத்தில் இருத்திச் சொற்களைத் தேர்ந்த நாவலரின் முறை அவர்களுக்கு வழிகாட்டும். அவையில் அமர்ந்திருப்போர் யார் என்று எண்ணுமிடத்து, அங்கு இடம்பெறாதோர் யார் என்றும் எண்ணுதல் அவர் வாழ்வு விட்டுச்சென்ற மற்றொரு பாடமாகும்.