பெரிய அண்டைநாட்டுடன் பேரம் பேசிய செரெட்சே காமா

செரெட்சே காமா என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அவரது காதல் திருமணம்தான். 2016ல் வெளிவந்த ‘எ யுனைடெட் கிங்டம்’ திரைப்படமும் அந்தக் கதையைத்தான் சொன்னது. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. தம்மை அவமதித்த அண்டைநாட்டோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் இருந்துகொண்டே, கணக்குப் பார்த்துப் பேரம் பேசித் தம் நாட்டின் பங்கை உயர்த்திக்கொண்டவர் அவர். அதைத் திரைப்படமாக எடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்றைய போட்ஸ்வானா அப்போது பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த பெச்சுவானாலாந்து. அங்குள்ள செரோவே ஊரில், 1921 ஜூலை 1ஆம் தேதி, பங்வாட்டோ மக்களின் அரச குடும்பத்தில் அவர் பிறந்தார். பிணங்கியிருந்த அவருடைய தந்தையும் தாத்தாவும் அப்போதுதான் சமாதானமாகியிருந்தனர். அதன் நினைவாக, ஒட்டவைக்கும் களிமண் என்று பொருள்படும் பெயரை அவருக்குச் சூட்டினார்கள். நான்கு வயதில் தந்தையை இழந்து அரியணைக்கு உரியவரானார். சித்தப்பா செக்கேடி காமா அவர் சார்பில் ஆட்சியைக் கவனித்தார்.

ஆக்ஸ்ஃபர்டிலும் பிறகு லண்டனிலும் படித்துக்கொண்டிருந்தபோது ருத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைச் சந்தித்து, 1948ல் மணந்தார். அதே ஆண்டில்தான் தென்னாப்பிரிக்காவில் இன ஒதுக்கல் கொள்கையை முன்வைத்த கட்சி ஆட்சியைப் பிடித்தது. எல்லைக்கு அப்பால் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளைக்காரப் பெண்ணோடு வாழ்வதை அந்த அரசு பொறுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனுக்கோ தென்னாப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் தேவைப்பட்டன. சொந்த மக்கள் 1949ல் ஊர்மன்றத்தில் கூடி அவரை ஏற்றுக்கொண்ட பிறகும், பிரிட்டன் அவரை லண்டனுக்கு வரவழைத்துத் தாய்நாட்டுக்குத் திரும்பவிடாமல் தடுத்தது. விசாரணை அறிக்கை ஒன்றை ஏறக்குறைய 30 ஆண்டுகள் வெளியிடாமலும் வைத்திருந்தது. அரியணை உரிமையை விட்டுக்கொடுத்த பிறகே, 1956ல், சாதாரணக் குடிமகனாக அவர் ஊர் திரும்பினார்.

1962ல் கட்சி தொடங்கினார், 1965 தேர்தலில் வென்றார், 1966 செப்டம்பர் 30ஆம் தேதி சுதந்திர போட்ஸ்வானாவின் முதல் அதிபரானார். அவர் கைக்கு வந்த நாட்டில் தார்ச்சாலை ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான் இருந்தது. கடற்கரை கிடையாது. நாட்டின் வழியே ஓடிய ரயில் ரொடீசியாவின் நிர்வாகத்தில் இருந்தது. அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டனின் மானியம் வேண்டியிருந்தது. புழங்கிய நாணயம் தென்னாப்பிரிக்காவின் ராண்ட்.

இங்கேதான் சுங்கக் கணக்கு வருகிறது. 1910 முதல் போட்ஸ்வானா, லெசோத்தோ, சுவாசிலாந்து மூன்றும் தென்னாப்பிரிக்காவோடு சுங்க ஒன்றியத்தில் இருந்தன. ஒன்றியத்துக்குள் வரும் வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரே வரி. வசூலான தொகை ஒரே பெட்டியில் சேரும், பிறகு பங்கிடப்படும். அந்தப் பங்கீட்டின்படி போட்ஸ்வானாவுக்குக் கிடைத்தது 0.27622 விழுக்காடு. மூன்று நாடுகளுக்கும் சேர்த்தே 1.5 விழுக்காடுகூட இல்லை. ஐந்து தசம இடம் வரை துல்லியமாகக் கணக்கிட்டு ஓரவஞ்சனை செய்திருக்கிறார்கள்!

கோபத்தில் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் கடலுக்குப் போகும் வழி தென்னாப்பிரிக்கா வழியாகத்தான் இருந்தது. செரெட்சேயின் அரசு மற்ற இரு நாடுகளோடு சேர்ந்து பேச்சுவார்த்தைக்குப் போனது. தென்னாப்பிரிக்கா தன் தொழிற்சாலைகளைப் பாதுகாக்க வரியை உயர்த்தும்போது, அந்த விலை உயர்வை அண்டை நாட்டு மக்களும் சுமக்கிறார்கள். புதிய தொழில்களும் பெரிய நாட்டுக்கே போய்ச் சேர்கின்றன. இதற்கெல்லாம் ஈடு வேண்டும் என்பதே அவர்கள் வாதம். 1969 டிசம்பரில் கையெழுத்தான புதிய உடன்பாட்டில், நிலையான விழுக்காடு போய், இறக்குமதியையும் பயன்பாட்டையும் பொறுத்து மாறும் சூத்திரம் வந்தது. அதன் மேல் 1.42 என்ற பெருக்கெண், அதாவது 42 விழுக்காடு கூடுதல் ஈட்டுத்தொகை. வரி விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் தென்னாப்பிரிக்காவிடமே தங்கிவிட்டது. இருந்தாலும் சுங்க வருமானம் பெருகியது. சில ஆண்டுகளிலேயே பிரிட்டனின் மானியம் இல்லாமல் போட்ஸ்வானாவால் வரவுசெலவுத் திட்டம் போட முடிந்தது. 1976ல் சொந்த நாணயமும் வந்தது. அதன் பெயர் ‘புலா’. வறண்ட அந்த நாட்டின் மொழியில் அதற்கு மழை என்று பொருள்.

வைரம் கிடைத்ததால்தான் போட்ஸ்வானா முன்னேறியது என்பார்கள். அது பாதி உண்மை. ஓராப்பா வைரச் சுரங்கம் திறந்தது 1971ல். அதற்கு முன்பே, 1967ல், கனிம உரிமைகள் தனித்தனி இனக்குழுக்களிடமிருந்து அரசின் கைக்கு மாறியிருந்தன. ஓராப்பா இருந்ததோ அவருடைய பங்வாட்டோ மக்களின் நிலத்தில். விட்டுக்கொடுத்ததில் முதலில் அவர் இனத்தாரே இருந்தார்கள்.

தெற்கே பேரம் பேசிக்கொண்டே வடக்கே ஒரு வாசலையும் அவர் தேடினார். காசுங்குலா என்ற இடத்தில் ஸாம்பேசி ஆற்றின் அக்கரையில் ஸாம்பியா இருக்கிறது. எல்லை மிகச் சிறியது. அப்படியோர் எல்லையே இல்லை என்று 1970ல் தென்னாப்பிரிக்கா ஆட்சேபித்தது. போட்ஸ்வானா அசரவில்லை. அமெரிக்க உதவியோடு ஆற்றுக்குச் சாலை போட்டது, படகுப் போக்குவரத்தும் தொடர்ந்தது. 1979 ஏப்ரலில் ரொடீசியப் படைகள் அந்தப் படகை அழித்தன. ஒரு படகை எவ்வளவு பெரிய ஆபத்தாக நினைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

வட்டார ஒத்துழைப்பு என்றதும் வரிக் குறைப்புதான் நமக்குத் தோன்றும். நம் ஆசியான் பிறந்த 1967லேயே கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தை அமைத்தன. பலன் முழுவதும் கென்யாவுக்கே போகிறது என்ற மனக்குறையும் அரசியல் பகையும் சேர்ந்து, 1977ல் அது கலைந்தது. செரெட்சேயும் தோழமை நாட்டுத் தலைவர்களும் அதை அருகிலிருந்து பார்த்தவர்கள். ஒருவருக்கொருவர் விற்கப் பொருளே அதிகம் இல்லாதபோது வரியைக் குறைத்து என்ன பயன்? சாலை, ரயில், துறைமுகம் முதலில் என்று முடிவெடுத்தனர்.

1980 ஏப்ரல் 1ஆம் தேதி லுசாக்காவில் ஒன்பது நாடுகள் கூடின. அவற்றில் ஆறுக்குக் கடலே இல்லை. ஒன்பதாவதான ஜிம்பாப்வே இன்னும் சுதந்திரம்கூட அடைந்திருக்கவில்லை, 17 நாள் பாக்கி இருந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் செரெட்சே காமா. தென்னாப்பிரிக்க ஒருங்கிணைப்பைத் தவிர்த்து, அண்டைநாடுகள் தங்களுக்குள் இணையும் அமைப்பு அங்கே உருவானது. போக்குவரத்தை மொசாம்பிக்கும், எரிசக்தியை அங்கோலாவும், கால்நடை நோய்த் தடுப்பைப் போட்ஸ்வானாவும் பிறகு பொறுப்பேற்றன. சுங்க ஒன்றியத்திலும் இருந்துகொண்டு இதற்கும் தலைமையா என்று கேட்கலாம். நிலம் சூழ்ந்த ஏழை நாட்டுக்கு ஒரே வாசலை நம்பியிருப்பதுதான் ஆபத்து என்பது என் எண்ணம்.

அப்போதே அவர் உடலில் புற்றுநோய் முற்றியிருந்தது. லுசாக்கா கூட்டம் முடிந்து மூன்றரை மாதத்தில், ஜூலை 13ஆம் தேதி, 59 வயதில் காலமானார். புதிய அமைப்பின் தலைமையகம் அவருடைய தலைநகரான கபரோனேயில் அமைந்தது. 1992ல் அது தெற்கு ஆப்பிரிக்க மேம்பாட்டுச் சமூகமாகப் பெயர் மாறியது. இன ஒதுக்கல் ஆட்சி முடிந்த 1994ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவும் அதில் சேர்ந்தது.