பெஸ்ஸி கோல்மன்: மூடிய பள்ளிகள் விதித்த கட்டணம்

விமானியாக விரும்புவோர் பயிற்சிக் கட்டணம், பறக்கும் மணிநேரம், தங்குமிடம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்துப் பள்ளிகளை ஒப்பிடுவது வழக்கம். எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத ஒருவருக்கு இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை பெஸ்ஸி கோல்மனின் வாழ்க்கை காட்டுகிறது.

1892 ஜனவரி 26 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏழைக் கறுப்பின உழவர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை வழியில் பூர்வகுடி மரபும் அவருக்கு உண்டு. பருத்தி பறிக்கும் காலங்களில் அவருடைய படிப்பு தடைபட்டது. சலவைத் தொழிலில் சேமித்த பணத்தைக் கொண்டு 1910இல் ஓக்லஹோமாவில் கறுப்பினத்தவருக்கான கல்லூரியில் சேர்ந்தார். ஒரே பருவத்தில் பணம் தீர்ந்தது, ஊர் திரும்பினார்.

1915இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, முடிதிருத்தகம் ஒன்றில் நகங்களைத் திருத்தி மெருகேற்றும் பணியை மேற்கொண்டார். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சகோதரர், பிரான்சில் பெண்கள் விமானம் ஓட்டுவதைச் சொல்லி அவரைச் சீண்டினார். அதன்பின் அவர் அணுகிய அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் அனைத்தும் மறுத்தன. கறுப்பினத்தவர் என்பதும் பெண் என்பதும் அவருக்கு இரட்டைத் தடையாயின.

சிகாகோ டிஃபெண்டர் இதழின் நிறுவனர் ராபர்ட் அபட், பிரான்சுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினார். அபட்டும் கறுப்பின வங்கியாளர் ஜெஸ்ஸி பிங்காவும் பொருளுதவி செய்தனர். பெஸ்ஸி பிரெஞ்சு மொழி கற்று, 1920 நவம்பரில் கப்பலேறினார். சிகாகோவின் வெள்ளையின இளைஞன் ஒருவனுக்குப் பயிற்சிக் கட்டணம் மட்டுமே போதுமானது. பெஸ்ஸிக்கோ மொழி வகுப்பு, கப்பல் பயணம், அயல்நாட்டு வாழ்க்கை, இழந்த ஊதியம் ஆகிய அனைத்தும் செலவாயின. இந்தக் கூடுதல் தொகை முழுவதும் நிறவெறி விதித்த வரியே ஆகும்.

பிரான்சின் லெ குரோத்துவா ஊரில் காட்ரோன் சகோதரர்களின் பள்ளியில் பயின்று, 1921 ஜூன் 15 அன்று பன்னாட்டு விமானி உரிமம் பெற்றார். அதனைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. ஆனால் தாயகத்தில் வானசாகசக் காட்சிகளே அவருக்குப் பிழைப்பாக அமைந்தன. அதற்கான உயர்நிலைப் பயிற்சியை அளிக்கவும் அங்கு எவரும் முன்வரவில்லை. ஆகவே 1922இல் மீண்டும் ஐரோப்பா சென்றார். ஒரே மறுப்புக்கு இருமுறை விலை கொடுக்க நேர்ந்தது.

கறுப்பினத்தவருக்கென ஒரு விமானப் பள்ளி தொடங்குவதே அவருடைய இலக்கு. 1923இல் விபத்தில் கால் முறிந்தபோதும் அதனை அவர் கைவிடவில்லை. டெக்சாஸ் காட்சியொன்றில் கறுப்பினத்தவருக்குத் தனி நுழைவாயில் வைத்தால் பறக்க மாட்டேன் என மறுத்து, ஒரே வாயிலைப் பெற்றுத் தந்தார்.

1926 ஏப்ரல் 30 அன்று ஜாக்சன்வில்லில், ஒத்திகையின்போது விமானத்தின் இயந்திரப் பகுதியில் ஸ்பேனர் ஒன்று சிக்கியது. கட்டுப்பாட்டை இழந்த விமானத்திலிருந்து பெஸ்ஸி வெளியே வீசப்பட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 34.

அவர் விரும்பிய பள்ளியை அவரால் காண இயலவில்லை. 1929இல் வில்லியம் பவல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் பெயரில் விமானக் கழகம் நிறுவினார். 1930களில் சிகாகோவில் கறுப்பினத்தவர் நடத்திய பயிற்சிப் பள்ளியும் உருவானது. பயிற்சி எட்டாமல் போவதற்குக் கட்டணம் மட்டுமே காரணம் என்போர், பெஸ்ஸி செலுத்திய தொகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிதியுதவி கப்பல் பயணத்துக்கு வழிசெய்தது. உள்ளூர்ப் பள்ளியின் கதவை அது திறக்கவில்லை.