யோசேப்பு பிரௌன்கோபர்

விண்மீன்களைக் கண்ணாற் காண்கின்றோம். கையாலே தொட்டறிதல் இயலாது. எனினும் அவற்றில் எவ்வெம் மூலகங்கள் உள என்பதை இன்று நாம் அறிவோம். இவ்வறிவுக்கு அடிகோலியவருள் ஒருவர், கல்லூரிப் படியை மிதியாத ஒரு கண்ணாடித் தொழிலாளி.

யோசேப்பு பிரௌன்கோபர் 1787 ஆம் ஆண்டு பவேரியாவில் ஒரு கண்ணாடி வினைஞரின் மகனாகப் பிறந்தார். பதினொரு வயதிலே தாய் தந்தையரை இழந்து, மூனிச் நகரிற் கண்ணாடித் தொழில் பயிலச் சேர்ந்தார். ஆங்கு நூல் கற்க அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1801 இல் அவ்வீடு இடிந்து வீழ்ந்தது. உயிருடன் மீட்கப்பட்ட சிறுவனுக்கு, நாட்டையாண்ட மாக்சிமிலியன் யோசேப்பு பொருளுதவினார். உற்சுனைடர் என்னும் செல்வர் நூல்கள் அளித்தார். கிடைத்த பொருளைக் கொண்டு சிறுவன் தன் தொழிற்குரிய பொறியொன்றை வாங்கினான்.

பின்னர் ஒளியியற் கருவிகள் செய்யும் நிலையத்தில் அமர்ந்த பிரௌன்கோபர், குறையற்ற வில்லைகளை ஆக்க முயன்றார். அதற்குக் கண்ணாடி ஒவ்வொரு நிறவொளியையும் எவ்வளவு முறிக்கும் என அளத்தல் வேண்டும். திருசியத்தில் நிறங்கள் ஒன்றினுள் ஒன்று கலத்தலால், அளவைக்கு நிலையான குறி வேண்டியிருந்தது. 1814 இல் ஞாயிற்றொளியை அரியத்தினூடே செலுத்தித் தொலைகாட்டியால் நோக்கியபோது, நிறங்களிடையே கரிய கோடுகளைக் கண்டார். வொலசுற்றன் 1802 இல் அவற்றுட் சிலவற்றையே கண்டிருந்தார். இவரோ ஐந்நூற்றுக்கு மேல் எண்ணி, முதன்மையானவற்றுக்கு எழுத்துக்களாற் பெயரிட்டார். வெள்ளியின் ஒளியில் ஞாயிற்றின் கோடுகளையும், சிரியசு விண்மீனின் ஒளியில் வேறு கோடுகளையும் கண்டார். எனவே அவை கருவியின் குறையால் எழுந்தன அல்ல என்பது தெளிவாயிற்று.

அவற்றின் காரணம் அறியாமலே, 1826 இல், தமது 39 ஆம் வயதில் மறைந்தார். விளங்காததையும் விலக்காது, கண்டவாறே வரைந்து அளந்து வைத்தமையே அவர் பெருமை.

1859 இல் கேர்ச்சோப்பும் பன்சனும், அவர் டி எனப் பெயரிட்ட கோடு சோடியத்தின் மஞ்சளொளி தோன்றும் இடத்திலேயே இருப்பதற்குக் காரணங் கண்டனர். ஞாயிற்றைச் சூழ்ந்த ஆவியிலுள்ள சோடியம் அவ்வொளியை உறிஞ்சுதலாலேயே அது கரிதாய்த் தோன்றுகின்றது. ஒளியைக் கூறுபடுத்தி ஆராயும் அந்நெறியால் 1937 இல், விண்மீன்களிடை வெளியிற் காபனும் ஐதரசனும் சேர்ந்த மூலக்கூறு அறியப்பட்டது. வானொலி அலைகளின் துணையால் 1968 இல் ஆங்கு அமோனியாவும் காணப்பட்டது. இன்றோ விண்வெளியில் 300 க்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அறியப்பட்டுள்ளன.

ஆய்வுகூடத்திற் பன்சன் சுடரில் உப்பினை இட்டு மஞ்சளொளி காணும் எம் இளைஞர் இப்பெரியாரை நினைவாராக. எதிர்பாராத தொன்று கண்ணிற்பட்டால், அதனைப் பிழையென அழித்துவிடாது குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக.