கடல் கடந்து அம்மனுக்குக் கோயில் கண்ட நாராயண பிள்ளை

திருக்கோயில் எடுத்த மன்னர்களின் பெயர்களைக் கல்வெட்டுக்கள் காத்து நிற்கின்றன. தாம் ஈட்டிய பொருளைச் சிவபுண்ணியத்திற் செலவிட்ட வணிகர் பலரின் பெயரோ வழக்கொழிந்து போயிற்று. பழையாறையில் பொன்னும் மணியும் துகிலும் விற்று வாழ்ந்த அமர்நீதி நாயனாரைச் சேக்கிழார் பெருமான் போற்றியிராவிடில் அவரையும் நாம் அறிந்திரோம். அந்நாயனாரைப் போலவே துகில் விற்றுப் பிழைத்து, அயலார் நாட்டில் அம்மனுக்கு முதற் கோயில் எடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகர் ஒருவர் உண்டு. அவரே சிங்கப்பூர் நாராயண பிள்ளை. கீரனூரைச் சூழ்ந்த புதுக்கோட்டைச் சீமையினின்றும் பொருள் தேடிக் கடல் கடந்தோர் பலராதலின், உத்தமநாதர் திருமுன் கூடும் அன்பர்க்கு அவர் வரலாறு அயலன்று.

பிள்ளையவர்கள் பினாங்குத் தீவில் வாழ்ந்தவர். 1819ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ராபிள்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி சிங்கப்பூரிற் கும்பெனியின் கொடியை நாட்டினார். அவர் அவ்வாண்டு மே மாத இறுதியில் மீண்டும் அங்கு வந்தபோது, ‘இந்தியானா’ என்னும் கப்பலில் உடன் வந்து இறங்கினார் பிள்ளை. அந்நாளிற் சிங்கப்பூர் இன்றுள்ள மாநகரம் அன்று. காடும் சதுப்பும் மீனவர் குடில்களுமே ஆங்கு இருந்தன. அரசாங்கக் கருவூலத்தில் வெள்ளி நாணயங்களைச் சோதித்துப் பிரிக்கும் பணி முதலில் அவருக்கு அமைந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை.

வேலை போயிற்று என்று அவர் ஊர் திரும்பினாரல்லர். புதிதாக எழும் ஊரில் வீடு கட்டுவோர் பெருகுவர், அவர்க்குச் செங்கல் வேண்டும் என்பதை முன்னரே உணர்ந்தார். தஞ்சோங் பகார்ப் பக்கத்தில் ஒரு செங்கற் சூளை இட்டார். தச்சரையும் கொத்தரையும் துணி வணிகரையும் வரவிடுமாறு பினாங்கிலிருந்த நண்பர்க்கு ஓலை விடுத்தார். சிங்கையில் கட்டட ஒப்பந்தத் தொழில் நடத்திய முதல் இந்தியர் இவரே என்பர். கைப்பொருள் சேர்ந்தபின் பருத்தித் துணிக் கடையும் திறந்தார். ஆங்கில வணிகரிடம் கடனாகச் சரக்கெடுத்து விற்கும் முறையில் அக்கடை விரைந்து வளர்ந்தது.

1822ஆம் ஆண்டில் கடைத்தெருவில் நெருப்புப் பற்றியது. பிள்ளையின் கடையும் சரக்கும் சாம்பலாயின. எரிந்தது துணி, எரியாது நின்றது கடன். சரக்குக் கொடுத்தவர் நெருக்கலாயினர். ஓடி ஒளிவதற்கு அந்நாளில் வழியில்லாமலில்லை. கப்பல்கள் நாள்தோறும் வந்துபோயின. அவர் அவ்வழியை நாடவில்லை. கடன் கொடுத்தாரிடம் தவணை பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் திரும்பி வந்த ராபிள்ஸிடம் சென்று நிலைமையைக் கூறி, வணிகச் சதுக்கத்தில் இடம் வேண்டினார். இடம் கிடைத்தது. மீண்டும் கடை வைத்துச் செல்வரானார். சோழமண்டலக் கரையினின்றும் வந்த மக்களுக்குத் தலைவராக அவரை அரசு ஏற்று, அவர்களுடைய வழக்குகளைத் தீர்க்கும் உரிமையும் அளித்தது.

கோயில் வரலாறு இதனோடு பின்னிக் கிடக்கின்றது. தமிழர் குடியேறிய இடத்தில் வழிபாட்டிற்கு ஓர் இல்லமின்றி அமைதி கொள்ளார். அரசு முதலில் தெலுக் ஆயர் வீதியில் இடம் தந்தது. அப்பெயருக்கு மலாய் மொழியில் நீர் விரிகுடா என்பது பொருள். ஆயினும் பூசைக்கு வேண்டிய நன்னீர் ஆங்கில்லை! திருமஞ்சனத்திற்கும் திருவமுதுக்கும் நீர் இன்றியமையாதது. கடல் அருகிருந்தும் உப்பு நீரால் என்ன பயன்? ஆகவே அவ்விடத்தைக் கைவிட்டனர். 1821இல் ஸ்டாம்போர்டு கால்வாயருகே வேறிடம் பெற்றனர். அதுவும் கைகூடவில்லை, 1822இல் வகுத்த நகரத் திட்டம் அப்பகுதியை வேறு பயனுக்கு ஒதுக்கிற்று. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இப்போதுள்ள இடம் கிடைத்தது. தம் கடை எரிந்து கடன்பட்டு நின்ற அதே காலத்திலும் பிள்ளையவர்கள் இம்முயற்சியை விட்டாரில்லை என்பதை ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார் எளிதில் உணர்வர்.

1827இல் மரமும் ஓலையும் கொண்டு கோயில் எழுந்தது. செங்கற் சூளைக்கு உரியவர் எடுத்த கோயில் ஓலைக் கூரையாயிருந்தது வியப்பே. எனினும், கல்லும் பொருளும் கிடையாமல் மனத்திலேயே கோயில் எடுத்த பூசலார் வழியில் வந்த நமக்கு ஓலைக் கூரை ஒரு குறையன்று. அங்கே சின்ன அம்மன் திருவுருவைப் பிள்ளையவர்கள் எழுந்தருளுவித்தார். மழைக்கும் நோய் தீர்ப்பதற்கும் மாரியைத் தொழுவது தமிழர் மரபு. காய்ச்சலும் தனிமையும் வாட்டிய அக்குடியேறிகள் முதலில் அவளை நாடியதில் வியப்பில்லை. வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை புதிதாய் வந்தவர்கள் அக்கோயிலிலேயே தங்கியதும் உண்டு.

1843ஆம் ஆண்டையொட்டிச் செங்கற் கட்டடம் அமைந்தது. 1840 முதல் அங்குத் தீமிதி விழா நடந்து வருகின்றது. 1903இல் மூன்று நிலைக் கோபுரம் நின்றது. இன்றுள்ள ஆறு நிலைக் கோபுரம் 1925இல் எழுந்தது. கோயிலின் இருமருங்கும் ஓடும் தெருக்கள் இக்கோயிலாலும் கோபுரத்தாலுமே பெயர் பெற்றன. 1973இல் அந்நாட்டரசு அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2019இல், நகர் தோன்றி இருநூறு ஆண்டு நிறைந்தபோது, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நாராயண பிள்ளைக்கும் உருவச் சிலை வைத்தனர். 2023 பெப்ருவரியில் கோயிலுக்குத் திருக்குட நன்னீராட்டு நிகழ்ந்தது. பிள்ளையவர்கள் எழுந்தருளுவித்த சின்ன அம்மன், அக்கோயிலின் கருவறையில் இன்றும் வழிபாடு கொண்டருளுகின்றாள்.