கட்டடக்கலைன்னா என்ன? கயிற்றைத் தொங்கவிட்டு விடை கண்ட அந்தோனி கௌடி

கட்டடக்கலை என்றதும் பலருக்கும் அலங்காரம்தான் நினைவுக்கு வரும். ஆனால், பாரத்தைத் தாங்கும் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதன் அடிப்படை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் வாழ்ந்த அந்தோனி கௌடி இதற்கு நல்ல உதாரணம்.

யார் இந்த கௌடி?

1852-ல் செம்புப் பாத்திரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1878-ல் பட்டம் பெற்றார். 1883-ல் சக்ராடா ஃபமீலியா தேவாலயப் பணி அவர் கைக்கு வந்தபோது வயது வெறும் 31.

கயிறு எதற்கு?

கொலோனியா குவெல் என்ற இன்னொரு தேவாலயத்துக்காக, கயிறுகளைத் தொங்கவிட்டு அவற்றில் சின்னச் சின்ன எடைப் பைகளைக் கட்டினார். பாரத்துக்கு ஏற்ப கயிறு தானாகவே வளைந்தது. அதைப் போட்டோ எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், கட்டடத்துக்கான வளைவு ரெடி! கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இந்த வளைவில் கல் மீது அழுத்தம் மட்டுமே விழும். ஆனால் அங்கே நிலவறைக் கோயில் மட்டும்தான் கட்டி முடிந்தது.

கடைசி நாட்கள்

1926 ஜூன் 7-ல் டிராம் மோதியது. பழைய உடையில் கிடந்தவரைப் பிச்சைக்காரர்னு நினைத்து, ஏழைகளுக்கான மருத்துவமனையில் சேர்த்தனர். மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. சக்ராடா ஃபமீலியாவின் நிலவறையிலேயே அடக்கம் செய்தனர்.

1936-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அவரது பணிக்கூடம் எரிக்கப்பட்டது, மாதிரிகள் நொறுங்கின. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டித்தான் பின்னால் வந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தனர். அவர் கணக்கு அந்தத் துண்டுகளில் இருந்தது.