கரும்புக்குள் கணக்குப் பார்த்த ஜானகி அம்மாள்

கரும்பைக் கடித்துத் தின்னாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள், நண்பர்களே? ஆனால் அந்தக் கரும்பின் ஒரு செல்லுக்குள் எத்தனை குரோமோசோம் இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்த பெண்மணியை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் டாக்டர் ஜானகி அம்மாள்.

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி தலச்சேரியில் பிறந்தார். அன்றைக்கு அது சென்னை மாகாணம். சென்னையில் ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி என்று படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். அவரோ ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்! 1931இல் டாக்டர் பட்டம். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் அதற்கு முன்பே 'கோ 205' என்ற கலப்புக் கரும்பைக் கொண்டுவந்திருந்தார்கள். தாய், தித்திக்கும் தடிக்கரும்பு: 80 குரோமோசோம். தகப்பன், நாணல் மாதிரி காட்டுக்கரும்பு: 64. பாதிக்குப் பாதி என்றால் பிள்ளைக்கு 40ம் 32ம் சேர்ந்து 72 தானே வரணும்? இருந்ததோ 112! தாய் பாதியைக் கொடுக்காமல் முழு 80ஐயும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இந்தக் கணக்கு தெரியாமல் கலப்பு செய்வது, டிராயிங் இல்லாமல் ஜாப் செய்வது போலத்தான். ஜானகி அம்மாள் இந்தியக் காட்டுக்கரும்புகளின் குரோமோசோம்களை எண்ணிக் கணக்கெடுத்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கூடக் கலந்து காட்டி, 1938இல் உலகுக்கு அறிவித்தார்.

ஆண்களே நிறைந்திருந்த ஆய்வுலகம் அது. தனியாக வாழும் பெண், அதிலும் தீயர் சமூகத்துப் பெண். மட்டமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அம்மையார் அசரவில்லை. 1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர், உலகப்போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945இல் வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் கொல்கிசின் என்ற மருந்தை மக்னோலியா நாற்றுகளுக்குக் கொடுத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். நம்ம செங்காந்தளிலும் இருக்கிற அதே கொல்கிசின்தான்! செல் இரண்டாகப் பிரியவிடாமல் அது தடுத்துவிடும். ஒரே செல்லில் இரண்டு மடங்கு தங்கிவிடும்.

இரட்டிப்பாக்கி என்ன லாபம் என்று கேட்பீங்க. இப்படிப் பாருங்க. மெட்ரிக் போல்ட்டுக்கு விட்வொர்த் நட் சேருமா? சேராது. இரண்டு வேறு இனங்கள் கலந்த செடியிலும் குரோமோசோம்களுக்குச் சோடி கிடைக்காது, செடி மலடாகும். எல்லாமே இரட்டிப்பானால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் சோடி வந்துவிடும். விதை பிடிக்கும்!

அதோடு கதை முடியவில்லை. இதற்கு நம்ம திண்டிவனத்து மல்லாட்டையே சாட்சி. டி.எம்.வி. என்று பெயர் வைத்த ரகங்களை இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தது நமக்குத் தெரியும். அந்த மல்லாட்டையின் மூதாதைகள் தென் அமெரிக்காவின் இரண்டு காட்டுச் செடிகள். ஒவ்வொன்றுக்கும் 20 குரோமோசோம். கலந்து இரட்டிப்பானதில் 40. ஒரே வேலைக்கு இரண்டு செட் ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரி! ஒரு செட் வேலையைப் பார்த்துக்கொள்ள, இன்னொன்றில் சில மரபணுக்கள் அணைந்துபோகலாம், தொலைந்துபோகலாம், புதுவேலை பழகலாம். இரண்டு செட்டும் துண்டுகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. 2019இல் விஞ்ஞானிகள் மல்லாட்டையின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரியவந்தது. அவர்கள் செயற்கையாகக் கலந்து இரட்டிப்பாக்கிய செடிகளின் சந்ததியில், ஆரஞ்சுப் பூவுக்கு நடுவே மஞ்சள் பூவும் பூத்தது! கரும்பிலும் அப்படித்தான். இன்றைய ரகங்களில் நூறு முதல் நூற்று முப்பது குரோமோசோம். சில, இரண்டு மூதாதைகளின் துண்டுகளும் ஒட்டியவை.

அம்மையார் காலத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. எண்ணினார், குறித்தார், மறுபடி எண்ணினார். நேரு அழைத்ததால் 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ. எண்பது வயதுக்கு மேலும், அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்க இருந்த அணைத் திட்டத்தை எதிர்த்து நின்றார். 1983இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1984 பிப்ரவரி 7ஆம் தேதி மறைந்தார்.

தோழர்களே, தோழியரே! லேபில் ரீடிங் எடுக்கும்போது பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். 72 வரும் என்று நினைத்த இடத்தில் 112 இருப்பதைக் கண்டுபிடித்தது, தானே உட்கார்ந்து எண்ணிய கண்கள்தான். நாமும் எண்ணுவோம்!